பிளஸ் டூ வேதியியல்: பழைய வினாத்தாளை வைத்து எதை முதலில் படிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதி, கீழே பதில் தந்திருக்கிறோம். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் எழுதுபவர்களுக்கான பக்கம் இது. முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் பின்னால் உள்ள பதில்கள் எளிதில் புரியும்.

சார், பழைய கொஸ்டின் பேப்பரப் பாத்தா இந்த வருசம் என்ன வரும்னு சொல்லிர முடியுமா?

முடியாது. புதிய பாடத்திட்டத்துக்கு புளூபிரிண்ட் கிடையாது. இந்தப் பாடத்திலிருந்து இத்தனை மதிப்பெண் என்று யாரும் முன்கூட்டி உறுதி தருவதில்லை. பதினைந்து பாடத்தில் எங்கிருந்து வேண்டுமானாலும் கேட்கலாம், பாடத்தின் உள்ளே ஒரு மூலையில் இருக்கும் வரியையும் கேட்கலாம்.

ஆனால் பழைய தாள்களை ஒழுங்காக எண்ணினால் மூன்று விஷயம் தெரியவரும். மதிப்பெண் எங்கே குவிகிறது, ஒரு தலைப்பை எந்த வடிவத்தில் கேட்கிறார்கள் (வரையறையா, வேறுபாடா, வருவித்தலா, கணக்கா), புத்தகப் பயிற்சியிலிருந்து எவ்வளவு, உள்ளிருந்து எவ்வளவு. இவை எதை முதலில் படிக்கலாம், எதை அடுத்துப் படிக்கலாம் என்ற வரிசையைத் தரும். எதைத் தூக்கிப் போடலாம் என்பதைச் சொல்லித் தராது.

பேப்பர் எப்படி இருக்கும்னே எனக்குச் சரியாத் தெரியாது. மொதல்ல அதச் சொல்லுங்க.

எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண், மூன்று மணி நேரம். பகுதி ஒன்றில் 15 ஒரு மதிப்பெண் கேள்விகள், சாய்ஸ் இல்லை. பகுதி இரண்டில் 16 முதல் 24 வரை ஒன்பது இரண்டு மதிப்பெண் கேள்வி, ஆறு எழுதினால் போதும், ஆனால் 24 கட்டாயம். பகுதி மூன்றில் 25 முதல் 33 வரை ஒன்பது மூன்று மதிப்பெண் கேள்வி, அதிலும் ஆறுதான், 33 கட்டாயம். பகுதி நான்கில் 34 முதல் 38 வரை ஐந்து கேள்வி. ஒவ்வொன்றிலும் ‘அல்லது’ போட்டு இரண்டு இருக்கும், ஒன்றை எழுத வேண்டும், ஐந்து மதிப்பெண். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10.

சாய்ஸையும் சேர்த்துக் கூட்டினால் தாளில் அச்சாகியிருக்கும் மதிப்பெண் 15 + 18 + 27 + 50, அதாவது 110. இந்த 110 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் பல இடங்களில் தேவைப்படும்.

பத்து வருசப் பேப்பர் சேத்து வச்சிருக்கேன். எல்லாத்தையும் எண்ணணுமா?

வேண்டாம். இப்போதைய புத்தகத்துக்கு முதல் பொதுத்தேர்வு 2020 மார்ச்சில் நடந்தது. 2019 வரைக்குமான தாள்கள் பழைய பாடத்திட்டத்தைச் சேர்ந்தவை. அதில் வந்த லாந்தனைடு குறுக்கமும் கான்னிசரோ வினையும் இன்றும் அதே வேதியியல்தான் என்பதால் எழுதிப் பார்க்க உதவும், எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. 2021இல் பொதுத்தேர்வு நடக்கவில்லை.

2022 தாளில் கவனம் தேவை. அந்த ஆண்டு குறைக்கப்பட்ட பாடத்திட்டத்தில் தேர்வு நடந்தது. நீக்கப்பட்ட பகுதியிலிருந்து கேள்வி வராததை ‘இந்தத் தலைப்பு முக்கியமில்லை’ என்று படித்துவிடக் கூடாது. பின்னால் சொல்லும் எண்ணிக்கைப் பட்டியலில் அந்தத் தலைப்புக்கான கட்டத்தில் சைபர் போடாமல் குறுக்குக்கோடு போடுங்கள். சராசரி எடுக்கும்போது அந்தத் தலைப்புக்கு மட்டும் ஒரு தாளைக் குறைத்து வகுக்க வேண்டும். மார்ச் தாள்களோடு துணைத்தேர்வுத் தாள்களையும் சேர்த்தால் எண்ணுவதற்குப் போதிய தாள்கள் கிடைத்துவிடும்.

இதெல்லாம் எங்க கெடைக்கும்? கைடுல பின்னாடி இருக்கறதே போதாதா?

மதுரையில் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய புத்தகக் கடைகளில் விசாரியுங்கள், பள்ளி ஆசிரியரிடம் கேளுங்கள். உட்கார்ந்து எண்ண அமைதியான இடம் வேண்டுமென்றால் புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.

கைடில் கேள்விக்குப் பக்கத்திலேயே மாதமும் ஆண்டும் போட்டிருப்பார்கள். அது வசதிதான், ஆனால் பெற்றோர் ஆசிரியர் கழக மாதிரித்தாளில் வந்ததையும் அதே வரிசையில் குறித்திருப்பார்கள். மாதிரித்தாள் என்பது பொதுத்தேர்வு அல்ல. அந்தக் குறிகளையும் எண்ணிவிட்டால் ஒரு தலைப்பு உள்ளதைவிட இரண்டு மடங்கு முக்கியமாகத் தெரியும். அதனால் முழுத்தாளை வைத்து எண்ணுவதே நல்லது. சாய்ஸில் எதற்கு எதிரே எது வந்தது என்பதும் முழுத்தாளில்தான் தெரியும்.

எண்ணுறதுன்னா எப்படி? ஒரு கேள்வி வந்தா ஒரு கோடு போட்டாப் போதுமா?

கோடு போட்டால் ஒரு மதிப்பெண்ணும் ஐந்து மதிப்பெண்ணும் ஒன்றாகிவிடும். கோட்டுக்குப் பதில் மதிப்பெண்ணை எழுதுங்கள். இரண்டு ஏ4 தாளைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் பாடமும் அதன் தலைப்புகளும், மேலே ஒவ்வொரு தாளின் மாதமும் ஆண்டும். கேள்வி வந்த கட்டத்தில் 1, 2, 3, 5 என்று மதிப்பெண். கட்டாயக் கேள்வி (24, 33) என்றால் அதைச் சுற்றி வட்டம். பக்கத்தில் சிறிய எழுத்தில் ‘பு’ என்றால் புத்தகப் பயிற்சி, ‘உ’ என்றால் பாடத்தின் உள்ளிருந்து, ‘க’ என்றால் கணக்கு.

ஐந்து மதிப்பெண் கேள்வி பெரும்பாலும் இரண்டு துண்டாக வரும், இரண்டும் மூன்றுமாக. சில நேரம் இரு துண்டும் வெவ்வேறு பாடத்திலிருந்து வரும். அப்போது 5 என்று ஓரிடத்தில் எழுதாமல் 2, 3 என்று உரிய இரண்டு இடத்திலும் எழுதுங்கள். ‘அல்லது’க்கு முன்னால் உள்ளதையும் பின்னால் உள்ளதையும் இரண்டையுமே பதிய வேண்டும்.

ஒரு தாளை முடித்ததும் அந்தப் பத்தியைக் கூட்டிப் பாருங்கள். 110 வரவில்லை என்றால் எதையோ விட்டுவிட்டீர்கள், அல்லது இருமுறை எழுதிவிட்டீர்கள். அதைச் சரிசெய்த பிறகே அடுத்த தாளுக்குப் போக வேண்டும். ஒரு தாளுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். நண்பர்கள் நான்கு பேர் ஆளுக்கு இரண்டு தாள் எடுத்துக்கொண்டால் ஒரே மாலையில் முடிந்துவிடும்.

பாடம் வாரியா எண்ணுனேன். எல்லாப் பாடமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வருது. அப்பறம் என்ன பிரயோசனம்?

110ஐப் பதினைந்தால் வகுத்தால் ஒரு பாடத்துக்கு ஏழு சொச்சம். கேள்வித்தாள் எடுப்பவர்கள் எல்லாப் பாடத்தையும் தொட்டுவிடப் பார்ப்பார்கள் என்பதால் பாடம் என்ற அளவில் பெரிய ஏற்ற இறக்கம் தெரியாது. பாடத்துக்குள் இறங்கித் தலைப்பு வாரியாகப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஒரு பாடத்தை ஐந்து முதல் ஏழு துண்டாகப் பிரியுங்கள். அதற்கு மேல் பிரித்தால் எந்தக் கட்டத்திலும் எண்ணிக்கை சேராது.

வேதிவினை வேகவியலை எடுத்துக்கொள்வோம். வினைவேகம், வினைவேக மாறிலி வேறுபாடு ஒன்று. வினைவகை, மூலக்கூறு எண் வேறுபாடு இரண்டு. முதல் வகை வினைக்கான தொகைப்படுத்தப்பட்ட சமன்பாடு மூன்று. பூஜ்ய வகை நான்கு. அரைவாழ் காலம் ஐந்து. அர்ரீனியஸ் சமன்பாடும் கிளர்வுறு ஆற்றலும் ஆறு. மோதல் கொள்கையும் வேகத்தைப் பாதிக்கும் காரணிகளும் ஏழு. இப்படிப் பிரித்து எண்ணினால் எந்தத் துண்டில் எண் சேருகிறது என்பது பளிச்சென்று தெரியும்.

வடிவத்தையும் பார்க்க வேண்டும் என்றோமே, அதற்கு அரைவாழ் காலம் நல்ல எடுத்துக்காட்டு. முதல் வகை வினையின் அரைவாழ் காலம் தொடக்கச் செறிவைப் பொறுத்ததல்ல என்று காட்டச் சொல்லலாம். மாறிலியைத் தந்து அரைவாழ் காலம் கேட்கலாம். 99.9 சதவீதம் முடிய ஆகும் நேரம் அரைவாழ் காலத்தைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு என நிறுவச் சொல்லலாம். கடைசிக் கேள்வியில் மாணவர்கள் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். தொடக்கச் செறிவு 100 என்றால் மீதமிருப்பது 0.1. அந்த 0.1க்குப் பதிலாக 99.9ஐப் போட்டுவிடுகிறார்கள். நூறை 0.1ஆல் வகுத்தால் ஆயிரம், அதன் மடக்கை 3, அதை 2.303ஆல் பெருக்கினால் 6.909. அதை அரைவாழ் காலத்தின் 0.693ஆல் வகுத்தால் 9.97. ஒரே தலைப்பை மூன்று வடிவத்திலும் எழுதிப் பழகியவருக்குத் தாளில் எது வந்தாலும் பயமில்லை.

எதுல அதிகமா மார்க் வருதோ அதத்தானே மொதல்ல படிக்கணும்?

மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் போதாது, அதைப் படித்து முடிக்க உங்களுக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். விளக்கத்துக்காக மட்டும் ஒரு கணக்கு. நான்கு தாளில் ஒரு பாடத்துக்கு 36 மதிப்பெண் சேர்ந்திருக்கிறது, அதை முடிக்க 18 மணி நேரம் ஆகும் என்றால் மணிக்கு 2. இன்னொரு பாடத்துக்கு 20தான், ஆனால் 5 மணி நேரத்தில் முடியும் என்றால் மணிக்கு 4. இரண்டாவதைத்தான் முதலில் முடிக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் பலருக்கும் முன்னால் வந்து நிற்பவை புறப்பரப்பு வேதியியல், உயிரியல் மூலக்கூறுகள், அன்றாட வாழ்வில் வேதியியல், உலோகவியல். இவற்றில் தொடர்ச்சியாக வருவிக்க வேண்டியது குறைவு, வேறுபாடு, பயன், எடுத்துக்காட்டு என்று நேராக எழுதலாம். கார்பனைல் சேர்மங்களும் அயனிச் சமநிலையும் அதிக நேரம் பிடிக்கும். ஆனால் அவற்றைத் தள்ளிப்போடவே கூடாது. தினமும் ஒரு மணி நேரம் அவற்றுக்கு ஒதுக்கிவிட்டு, மிச்ச நேரத்தில் சுலபமானவற்றை முடிப்பதுதான் சரியாக வரும். நேரக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். கணக்கில் கெட்டிக்கார பிள்ளைக்குத் திட நிலைமை மூன்று மணி நேர வேலை, இன்னொருவருக்கு அது மூன்று நாள். ஆகவே நண்பனின் வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூணு பாடத்த விட்டுட்டா என்னா ஆகும்? சாய்ஸ்ல சமாளிச்சிரலாம்ல?

மூன்று பாடம் என்பது ஐந்தில் ஒரு பங்கு, அதாவது அச்சான 110இல் சுமார் 22. ஒரு மதிப்பெண்ணில் சாய்ஸ் இல்லாததால் அங்கே ஏறத்தாழ 3 உறுதியாகப் போகும். இரண்டிலும் மூன்றிலும் தலா இரண்டு கேள்வி அந்தப் பாடங்களிலிருந்து வரலாம், அதைச் சாய்ஸ் தாங்கிக்கொள்ளும். கட்டாயக் கேள்வி இரண்டும் அங்கிருந்து வந்துவிட்டால் இன்னும் 5. ஒரே ஐந்து மதிப்பெண் கேள்வியின் இரு பக்கமும் விட்ட பாடமாக அமைந்துவிட்டால் இன்னொரு 5. ஆக, நல்லபடியாக அமைந்தால் 3, மோசமாக அமைந்தால் 13.

இதில் கணக்கில் வராத நஷ்டம் ஒன்று உண்டு. படித்த பாடத்திலேயே ஒரு கேள்வி சுற்றிவளைத்து வந்தால் தப்பிக்கத்தான் அந்த மூன்று சாய்ஸ். அதை முன்பே விட்ட பாடத்துக்குச் செலவழித்துவிட்டால் தேர்வறையில் கையில் எதுவும் இருக்காது. பாடத்தை விடுவதற்குப் பதில் பாடத்துக்குள் நேரம் தின்னும் ஒன்றிரண்டு துண்டுகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அந்தப் பாடங்களின் புத்தகப் பயிற்சி ஒரு மதிப்பெண்ணையாவது முடித்துவிடுங்கள்.

எம் மகன் பாஸானாப் போதும்யா. அவென் எதைப் படிக்கணும்?

எழுத்துத் தேர்வில் 70க்குக் குறைந்தது 15, செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து மொத்தத்தில் 35. செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் சேர்ந்து 20 வாங்கிவிட்டால் எழுத்துத் தேர்வில் 15 போதும். அந்த 30க்கு 16தான் என்றால் எழுத்தில் 19 வேண்டும். எனவே முதல் வேலை, பிள்ளை செய்முறை வகுப்பை ஒரு நாளும் தவறவிடாமல் பார்த்துக்கொள்வது.

எழுத்துத் தேர்வுக்குப் பதினைந்து பாடத்தின் பயிற்சிப் பகுதியிலுள்ள ஒரு மதிப்பெண் கேள்விகளை முதலில் முடிக்கச் சொல்லுங்கள். அடுத்து இரண்டு, மூன்று மதிப்பெண்ணில் நேரடியாக எழுதக்கூடியவை: கனிமம், தாது வேறுபாடு. புலத் தூய்மையாக்கல். மந்த இணை விளைவு. போரிக் அமிலம், ஹீலியம் பயன்கள். லாந்தனைடு குறுக்கம். ஷாட்கி, பிராங்கல் குறைபாடுகள். வினைவகை, மூலக்கூறு எண் வேறுபாடு. பொது அயனி விளைவு. கோல்ராஷ் விதி. டிண்டால் விளைவு. இயற்பு, வேதிப் பரப்புக் கவர்ச்சி வேறுபாடு. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. வேறுபாடு. வைட்டமின் குறைபாட்டு நோய்கள். ஒவ்வொன்றும் நான்கைந்து வரி. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுதிக் காட்டச் சொல்லுங்கள், வாயால் ஒப்பித்தால் தேர்வில் கை ஓடாது.

கம்பல்சரி எப்பவுமே கணக்குதானா?

எப்போதும் இல்லை. ஆனால் யோசிக்க வைக்கும் கேள்வியாகவோ கணக்காகவோ இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். உங்கள் பட்டியலில் வட்டம் போட்ட கட்டங்களை மட்டும் தனியாகப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். கணக்குக்கு வழி உள்ள இடங்கள் எண்ணிச் சொல்லும்படிதான் இருக்கின்றன. அலகுகூட்டில் அடர்த்தி, அணுக்களின் எண்ணிக்கை. வேகவியலில் முதல் வகை, அர்ரீனியஸ். அயனிச் சமநிலையில் பிஹெச், தாங்கல் கரைசல், கரைதிறன் பெருக்கம். மின்வேதியியலில் ஃபாரடே விதி, நெர்ன்ஸ்ட் சமன்பாடு, மோலார் கடத்துத்திறன். இடைநிலைத் தனிமத்தில் காந்தத் திருப்புத்திறன். ஒவ்வொரு வகையிலும் மூன்று கணக்கு முழுதாகப் போட்டுப் பார்த்தால் போதுமான பழக்கம் வந்துவிடும்.

கால்குலேட்டர் கிடையாது என்பதால் சில மடக்கைகள் நாவில் இருக்க வேண்டும்: 2க்கு 0.3010, 3க்கு 0.4771, 5க்கு 0.6990, 7க்கு 0.8451. காந்தத் திருப்புத்திறனில் தனித்த எலக்ட்ரான் ஒன்று என்றால் 1.73, ஐந்து என்றால் 5.92 போர் மேக்னட்டான். விடை முடிவுவரை வராவிட்டாலும் வாய்ப்பாட்டை எழுதி, எண்களை அலகோடு பிரதியிட்டுக் காட்டுங்கள், அதற்குரிய மதிப்பெண் தனி.

ஆர்கானிக்ல பேரு வச்ச வினையே எம்புட்டோ இருக்கு. அம்புட்டையும் மனப்பாடம் பண்ணணுமா?

மனப்பாடம் செய்தால் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். ஒவ்வொரு வினைக்கும் மூன்று கட்டம் போடுங்கள்: எதில் தொடங்குகிறது, எதைச் சேர்க்கிறோம், எது கிடைக்கிறது. ரோசன்மன்ட் என்றால் அமில குளோரைடு, ஹைட்ரஜனும் பேரியம் சல்பேட்டின் மீதுள்ள பல்லேடியமும், ஆல்டிஹைடு. கிளமன்சன் என்றால் கார்பனைல் சேர்மம், துத்தநாக ரசக்கலவையும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், ஹைட்ரோகார்பன். நடுக்கட்டத்தை மறைத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். பிறகு கடைசிக் கட்டத்தை மறையுங்கள்.

தாளில் தனி வினையாகக் கேட்பது பாதிதான். ஏ, பி, சி என்று தொடராகக் கேட்பதற்குத் தயாராக வேண்டும். எத்தனாயில் குளோரைடு ரோசன்மன்ட் வழியில் ஏ தருகிறது, ஏ நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடுடன் பி, பியை வெப்பப்படுத்த சி. ஏ எத்தனல், பி 3-ஹைட்ராக்சிபியூட்டனல், சி பியூட்-2-ஈனல். முதல் எழுத்தில் தவறினால் மூன்றும் போய்விடும். இதே இடத்தில் பென்சால்டிஹைடைத் தந்து அடர் காரம் சேர்த்தால் ஆல்டால் குறுக்கம் நடக்காது. அதில் ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லை, எனவே கான்னிசரோ. பழைய தாள்களில் ஆல்டாலும் கான்னிசரோவும் மாறி மாறி வருவதைப் பார்க்கும்போது ‘ஆல்ஃபா ஹைட்ரஜன்’ என்ற ஒரே கருத்தின் கீழ் இரண்டையும் பதிந்தால் படிப்பு பாதியாகக் குறையும். காப்ரியல் தாலிமைடு தொகுப்பில் அனிலீன் தயாரிக்க முடியாது என்பதையும் அந்த வினைக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

போன வருசம் வந்த அஞ்சு மார்க் இந்த வருசம் வராதுல்ல?

அப்படி ஒரு விதியும் இல்லை. கேள்வி அப்படியே வராமல் போகலாம், தலைப்பு வேறு உருவில் வரும். சென்ற முறை வெர்னர் கொள்கை வந்தால் அணைவு வேதியியலில் இந்த முறை படிகப்புலக் கொள்கையோ, பெயரிடுதலோ, மாற்றியமோ வரும். ‘வந்தாச்சு’ என்று அடித்துவிட்ட தலைப்பில் கட்டாயக் கேள்வி வருவதுதான் அதிகம் வருத்தம் தரும்.

ஹாஃப் இயர்லி, ரிவிஷன் டெஸ்ட் பேப்பரெல்லாம் சேக்கலாமா?

தனிப் பத்தியில் எழுதுங்கள், கூட்டலில் சேர்க்க வேண்டாம். இரண்டு தலைப்பு சம எண்ணிக்கையில் நிற்கும்போது எதை முதலில் எடுப்பது என்று முடிவெடுக்க அந்தப் பத்தி உதவும்.

யூடியூப்ல ‘இதப் படிச்சா எழுபதுக்கு எழுபது’ன்னு லிஸ்ட் போடுறாங்க. நம்பலாமா?

யார் தந்த பட்டியலானாலும், நீங்களே தயாரித்தது உட்பட, சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கடைசியாக நடந்த பொதுத்தேர்வுத் தாளை எண்ணிக்கையில் சேர்க்காமல் ஒதுக்கிவையுங்கள். மற்றத் தாள்களை மட்டும் வைத்துப் பட்டியல் போடுங்கள். பிறகு ஒதுக்கிய தாளை எடுத்து, 110இல் எவ்வளவு உங்கள் பட்டியலுக்குள் வருகிறது, சாய்ஸ் போக 70க்கு எவ்வளவு எழுத முடியும் என்று பாருங்கள்.

வெளியார் பட்டியலையும் இதே முறையில் பார்க்கலாம், ஆனால் அது அந்தத் தேர்வுக்கு முன்பே வெளியானதாக இருக்க வேண்டும். தாள் வந்தபின் போட்ட பட்டியல் அந்தத் தாளோடு பொருந்துவதில் வியப்பில்லை. இன்னொன்றையும் பாருங்கள். பாடப்புத்தகத்தில் முக்கால்வாசித் தலைப்பைப் பட்டியலில் அடுக்கியிருந்தால் கேள்வி அதற்குள் வரத்தான் செய்யும். பட்டியல் எவ்வளவு சிறியது, அதற்குள் எவ்வளவு மதிப்பெண் வந்தது என்ற இரண்டையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

பொங்கலுக்கு அப்பறம் நாளே இல்ல. அங்கிட்டு இங்கிட்டு அலையுறதுலயே போயிருது. எப்படிப் பிரிச்சுக்கிறது?

தை முதல் மூன்று நாள் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஊரே மாட்டோடு இருக்கும், அந்த நாள்களில் பெரிய பாடம் வைக்காதீர்கள். எண்ணும் வேலையைப் பொங்கலுக்கு முன்பே முடித்துவிடுங்கள். விடுமுறையில் ஒரு மதிப்பெண் மட்டும், நாளுக்கு மூன்று பாடம்.

ஜனவரி கடைசி வரைக்கும் மணிக்கு அதிக மதிப்பெண் தரும் தலைப்புகள், கூடவே தினமும் ஒரு மணி நேரம் கரிமம் அல்லது கணக்கு. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ளும், அதை முன்பே கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள். செய்முறை முடிந்தபின் வாரம் இரண்டு முழுத்தாள், கடிகாரம் வைத்து எழுத வேண்டும். 180 நிமிடத்துக்கு 70 மதிப்பெண் என்றால் மதிப்பெண்ணுக்கு இரண்டரை நிமிடம். ஐந்து மதிப்பெண்ணுக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் எங்கோ தேவையில்லாமல் எழுதுகிறீர்கள். பேருந்தில் போய்வரும் பிள்ளைகள் அந்த நேரத்துக்கு மூன்று கட்ட வினை அட்டைகளை வைத்துக்கொள்ளலாம், கணக்கை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நீட்டுக்கும் இதே லிஸ்ட் போதுமா?

போதாது. நீட்டில் வேதியியலுக்கு 45 கேள்வி, 180 மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும், பதினொன்றாம் வகுப்புப் பாடமும் உண்டு. 2024இல் நீட் பாடத்திட்டம் மாறியபோது திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், உலோகவியல், பலபடிகள், அன்றாட வாழ்வில் வேதியியல் ஆகியவை நீக்கப்பட்டு, செய்முறை சார்ந்த வேதியியல் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய நீட் தாள்களை எண்ணினால் இந்தத் தலைப்புகள் கணக்கைக் குழப்பும்.

கவனித்தால் தெரியும், நீட்டில் இல்லாத இவற்றில் பலவும் மாநிலத் தேர்வில் மணிக்கு அதிக மதிப்பெண் தருபவை. இரண்டும் எழுதுபவர்கள் மார்ச் வரை மாநிலப் பட்டியலைப் பின்பற்றுங்கள். வேகவியல், அயனிச் சமநிலை, மின்வேதியியல், அணைவு, கரிமம் இரண்டுக்கும் பொது என்பதால் அவற்றை மட்டும் கொஞ்சம் ஆழமாகப் படியுங்கள்.

அடிக்கடி வர்ற தலைப்புதான், நல்லாத்தான் எழுதுறேன். ஆனா மார்க் கொறையுதே?

குறையும் இடங்கள் பெரும்பாலும் சின்னச் சின்னவை. கோல்ராஷ் விதியில் ‘அளவிலா நீர்த்தலில்’ என்ற நிபந்தனையை விடுவது. வினையில் அம்புக்குறிக்கு மேல் வினையூக்கியையும் வெப்பநிலையையும் எழுதாதது. வேக மாறிலிக்கு அலகு போடாதது. பூஜ்ய வகைக்கும் முதல் வகைக்கும் அலகு வேறு என்பதை மறப்பது. அணைவுச் சேர்மப் பெயரில் ஈனிகளை ஆங்கில அகரவரிசையில் எழுதாதது, உலோகத்தின் ஆக்சிஜனேற்ற நிலையை விடுவது.

வேறுபாடு கேட்டால் இருபுறமும் ஒரே அளவுகோலில் எழுத வேண்டும். இயற்புப் பரப்புக் கவர்ச்சிக்கு ‘வாண்டர்வால்ஸ் விசை’ என்று எழுதிவிட்டு எதிர்ப்பக்கம் ‘அதிக வெப்பம் வெளிவரும்’ என்று எழுதினால் இரண்டும் பொருந்தாது. எதிர்ப்பக்கம் ‘வேதிப்பிணைப்பு’ வர வேண்டும். ஒரு மதிப்பெண்ணில் விடைக் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதுங்கள். முழுத்தாள் எழுதித் திருத்தும்போது போன மதிப்பெண்ணுக்குக் காரணத்தைப் பட்டியலின் ஓரத்தில் குறித்தால், தெரியாமல் போனது எது, தெரிந்தும் போனது எது என்று பிரியும். இரண்டாவது வகைக்கு மறுபடி பாடம் படிக்க வேண்டியதில்லை, எழுதிப் பழகினால் போதும்.

எண்ணி வச்சதுக்குச் சம்பந்தமே இல்லாம பேப்பர் வந்துட்டா?

பத்து மணிக்குத் தாள் தருவார்கள், எழுதத் தொடங்குவது பத்தேகாலுக்கு. வாசிக்கத் தரும் பத்து நிமிடத்தில் முதலில் 24, 33 இரண்டையும், பிறகு 34 முதல் 38 வரையும் பாருங்கள். ‘அல்லது’ உள்ள ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கம் என்று அப்போதே முடிவெடுங்கள். இரு துண்டாக வந்தால் ஒரு துண்டு நன்றாகத் தெரிந்த பக்கத்தைவிட இரண்டும் ஓரளவு தெரிந்த பக்கம் பல நேரம் அதிக மதிப்பெண் தரும்.

புதிதாகத் தெரியும் கேள்வியை எந்தப் பாடம், எந்தத் துண்டு என்று அடையாளம் காணுங்கள். பெரும்பாலும் தெரிந்த தலைப்புதான் தெரியாத சட்டை போட்டு வந்திருக்கும். அப்படியும் புரியாத கட்டாயக் கேள்விக்கு வாய்ப்பாடு, சமன்பாடு, வரையறை என்று தொடர்புள்ள எதையாவது எழுதுங்கள், வெறுமனே விடாதீர்கள். நேரம் மீந்தால் பகுதி இரண்டிலும் மூன்றிலும் கூடுதலாக எழுதுவதைவிட, எழுதியவற்றில் அலகும் நிபந்தனையும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.